13 அடி ட்ரெய்லருக்குள் ஏ.சி. வைத்த கதை

அக்காவும் அத்தானும் வைத்திருப்பது 1960-களின் நடுவில் அமெரிக்காவில் செய்த ஒரு சின்ன ட்ரெய்லர், காரின் பின்னால் மாட்டி இழுத்துப்போய் உள்ளே தங்கும் வண்டி. ஷாஸ்டா, செரோ ஸ்காட்டி என்ற பெயர்களில் அந்தக் காலத்தில் சாலைகளில் ஓடிய வண்டிகளின் வகை. பக்கவாட்டில் பார்த்தால் இறைச்சி அடைத்த தகர டப்பாவைப் படுக்கவைத்தது போல இருக்கும், அதனால் அங்கே இவற்றுக்குக் ‘கேன்ட் ஹாம்’ என்றே பெயர். 13 அடி என்பது முன்னால் நீண்டிருக்கும் இழுவைக் கம்பியையும் சேர்த்துத்தான். உள்ளே மிஞ்சுவது சுமார் 10 அடி நீளம், ஆறரை அடி அகலம், ஆறடி உயரம். வெளியே மெல்லிய அலுமினியத் தகடு, உள்ளே 3 மி.மீ. பிளைவுட், நடுவே முக்கால் அங்குலக் கனமுள்ள மரச்சட்டங்கள், சட்டங்களுக்கு இடையே கொஞ்சம் கண்ணாடிக் கம்பளி. சுவர் அவ்வளவுதான். மொத்த எடை 640 கிலோ.

இந்த வண்டிகள் உருவான காலத்தில் கூரைத் திறப்பும் ஜன்னல்களும்தான் காற்றோட்டம். இலையுதிர் காலத்தில் அது போதும். ஆனால் இருவரும் ஓய்வு பெற்றபின் கோடையிலும் கிளம்ப ஆரம்பித்தார்கள். மதியம் நான்கு மணிக்கு உள்ளே 43 டிகிரி, இரவு பதினொன்றுக்கும் 31. அத்தானுக்கு ரத்த அழுத்தம் வேறு. “தம்பி, ஏதாவது செய், ஆனா வண்டியோட முகம் மாறக் கூடாது” என்றாள் அக்கா. அந்த ஒரு வரியை மனதில் வைத்துத்தான் இந்த வேலை முழுவதையும் செய்தேன்: அலுமினியத் தகட்டில் புதிதாக ஒரு ஓட்டைகூடப் போடக் கூடாது. பழைய தகட்டை ஒருமுறை வெட்டினால் வெட்டினதுதான்.

இரண்டு முறை செய்தேன். முதல் முறை தோற்றது. தோற்ற காரணத்தைத்தான் விரிவாக எழுத நினைக்கிறேன், ஏனென்றால் சின்ன ட்ரெய்லருக்குள் ஜன்னல் ஏ.சி.யை ஒளித்து வைக்கும் எவரும் விழக்கூடிய குழி அது.

எவ்வளவு குளிர் தேவை

முதலில் கணக்கு. வெளியே 35 டிகிரி, உள்ளே 24 வேண்டும் என்று வைத்துக்கொண்டேன். சுவர், கூரை, தரை எல்லாம் சேர்த்து சுமார் 270 சதுர அடி, ஜன்னல் 30 சதுர அடி. கூரையிலும் ஒரு பக்கச் சுவரிலும் விழும் வெயிலையும் சேர்த்தால் வண்டியின் உடம்பு வழியாக மணிக்கு 2,100 பி.டி.யு. (வெப்பத்தை அளக்கும் அலகு) சூடு உள்ளே வருகிறது. ஒற்றைக் கண்ணாடி ஜன்னல் வழியாக, திரை போட்டிருந்தாலும், 1,350. இரண்டு பேர் உட்கார்ந்திருந்தால் அவர்கள் உடம்பிலிருந்து 800. கதவு இடுக்கு, ஜன்னல் இடுக்குக் கசிவுக்கு 600. மொத்தம் 4,850.

அதாவது கடையில் கிடைக்கும் மிகச் சிறிய ஜன்னல் ஏ.சி., 5,000 பி.டி.யு., ஏறத்தாழச் சரியாகப் பொருந்துகிறது. நடு வெயிலில் திரையில்லாமல் நிறுத்தினால் தோற்கும், நிழலில் ஜெயிக்கும். எனக்கு இது திருப்தியாகவே இருந்தது. அளவுக்கு மீறிய ஏ.சி. சின்ன இடத்தைச் சில நிமிடங்களில் குளிர்த்துவிட்டு நின்றுவிடும், ஈரத்தை உறிஞ்ச அதற்கு நேரமே கிடைக்காது. சில்லென்று இருக்கும், ஆனால் படுக்கை பிசுபிசுக்கும்.

ஏன் கூரையில் வைக்கவில்லை

அத்தானுக்குக் கூரை ஏ.சி.தான் ஆசை. “மாப்ளே, கூரையில ஏற்கெனவே 14 அங்குலத் திறப்பு இருக்கு. பெட்டியத் தூக்கி வச்சா முடிஞ்சுது.” அவர் சொன்னதில் பாதி உண்மை. கூரை ஏ.சி.கள் அந்த 14 அங்குலச் சதுரத் திறப்புக்கென்றே செய்யப்படுகின்றன. மீதிப் பாதியைக் காட்ட அவரை ஏணியில் ஏற்றி, திறப்பின் ஓரத்தைக் கட்டை விரலால் அழுத்தச் சொன்னேன். கூரை குழிந்தது.

வழக்கமான 13,500 பி.டி.யு. கூரைப் பெட்டி ஒன்று 35 முதல் 45 கிலோ வரும். நின்ற இடத்தில் அந்தப் பாரத்தைக் கூரை தாங்கினாலும், சாலைப் பள்ளத்தில் வண்டி குதிக்கும்போது அது பல மடங்காக இறங்கும். கூரை ஒரு விரல் அளவு தாழ்ந்தால் போதும், மழைநீர் தேங்கும், தேங்கிய நீர் தகட்டின் மூட்டு வழியாகச் சட்டத்துக்குள் போகும், சட்டம் உளுக்கும். இந்த வண்டிகள் சாவதே அப்படித்தான். அதோடு, வளைந்த அந்த முதுகில் வெள்ளைப் பெட்டி ஒன்று உட்கார்ந்தால் அக்கா கேட்ட முகம் போய்விடும். சட்டங்களைப் பிரித்து, உள்ளே வளைவுப் பட்டைகளும் தாங்கு கம்பங்களும் வைத்துச் செய்தவர்கள் உண்டு. முழுதாகப் பிரித்துப் புதுப்பிக்கும் வண்டியாக இருந்தால் யோசித்திருப்பேன்.

இழுவைக் கம்பியின் மேல் வெளி யூனிட்டை வைக்கும் ஸ்ப்ளிட் ஏ.சி. அமைதியானது, மின்சாரமும் குறைவாகத்தான் எடுக்கும். ஆனால் காரோடு மாட்டும் கொக்கியில் இறங்கும் எடை மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், எங்களுக்கு அது 64 முதல் 96 கிலோ. அங்கே ஏற்கெனவே சிலிண்டரும் பேட்டரியும் இருந்தன. சக்கரம் வைத்த போர்ட்டபிள் ஏ.சி.யை, அதிலும் ஒற்றைக் குழாய் வகையை, நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். அது குளிர்ந்த அறைக்காற்றையே எடுத்துச் சூடாக்கி வெளியே தள்ளுகிறது, தள்ளிய அளவுக்கு வெளிக்காற்று இடுக்குகள் வழியாக உள்ளே வந்துவிடுகிறது. பயணத்துக்குப் பயணம் ஜன்னலில் மாட்டிக் கழற்றுவது எளிய வழிதான், ஆனால் இந்த ஜன்னல்கள் கீழிருந்து வெளிப்பக்கமாகத் திறக்கும் ஜலூசி வகை. ஏ.சி. உட்கார இடமில்லை.

அப்போதுதான் செத்துப்போன ஃப்ரிட்ஜ் கண்ணில் பட்டது. முந்தைய சொந்தக்காரர் யாரோ, ஐஸ் பெட்டி இருந்த இடத்தில் எரிவாயு ஃப்ரிட்ஜ் ஒன்றை வைத்து, அதற்காக வெளித்தகட்டில் மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு திறப்புகளை வெட்டியிருந்தார். இரண்டும் ஒரே அளவு, 30 செ.மீ.க்கு 45. ஃப்ரிட்ஜ் பல வருடமாக வேலை செய்யவில்லை. கதவுக்கு எதிர்ப் பக்கச் சுவர், அச்சுக்கு அருகில், முகாமில் நாற்காலி போட்டு உட்காரும் பக்கத்துக்கு மறுபுறம். இதைவிட நல்ல இடம் இந்த வண்டியில் இல்லை. வெட்டின பாவம் ஏற்கெனவே நடந்துவிட்டது, நான் புதிதாக வெட்ட வேண்டியதில்லை.

முதலில் ஷாக்

ஏ.சி.யைத் தொடுவதற்கு முன் மின்சாரம். வேலை தொடங்கிய அன்று அக்கா போகிறபோக்கில் சொன்னாள்: “மழை நேரத்துல படியில நின்னு கதவைத் தொட்டா சுரீர்னு ஒரு மாதிரி இருக்கும்.” அதை இத்தனை நாள் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கு வயிற்றைக் கலக்கியது. மீட்டரை வைத்துப் பார்த்தால், அலுமினிய உடம்புக்கும், முகாமில் வண்டிக்கு மின்சாரம் தரும் மின்கம்பத்தின் எர்த்துக்கும் நடுவே 60 வோல்ட்டுக்கு மேல்.

அந்தக் காலத்து ஒயரிங்: 15 ஆம்பியர், இரண்டு பின் பிளக், எர்த் ஒயரே கிடையாது. சுவருக்குள் ஒயரைப் பிடித்திருந்த ஸ்டேபிள் ஒன்று அறுபது வருட அதிர்வில் உறையைக் கடித்து உள்ளே போயிருந்தது. உலோக உடம்புள்ள வண்டி ரப்பர் டயரில் நிற்கிறது. உடம்பில் மின்சாரம் கசிந்தால் அது தரைக்கு இறங்கும் வழி, ஈரத்தரையில் கால் வைத்துக் கதவைத் தொடும் மனிதர்தான். இந்த நிலையில் ஏ.சி.யை மாட்டி அதிக மின்சாரம் இழுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் யோசிக்கப் பிடிக்கவில்லை.

பழைய ஒயரை முழுவதும் எடுத்தேன். முகாம் மின்கம்பங்களில் பொதுவாக இருக்கும் 30 ஆம்பியர், 120 வோல்ட் டி.டி.-30 இணைப்புக்கு ஏற்ற நுழைவுப் பெட்டி, 10 கேஜ் வெளிக் கேபிள் (கேஜ் எண் குறையக் குறைய ஒயர் தடிமன்), உள்ளே சிறிய பிரேக்கர் பெட்டி. ஏ.சி.க்குத் தனியாக 12 கேஜ் ஒயரில் 20 ஆம்பியர் லைன். மற்ற பாயின்டுகளுக்குத் தனி லைன், அதில் மின்கசிவு வந்தால் உடனே துண்டிக்கும் ஜி.எஃப்.சி.ஐ. பாதுகாப்பு. எர்த்தைச் சட்டத்துக்கும் தகட்டுக்கும் போல்ட் போட்டு இணைத்தேன். ட்ரெய்லருக்குள் எர்த்தையும் நியூட்ரலையும் ஒன்றாக இணைக்கக் கூடாது. அந்த இணைப்பு மின்சாரம் வரும் மூலத்தில் மட்டுமே இருக்க வேண்டும். உள்ளேயும் இணைத்தால் நியூட்ரலில் திரும்பும் மின்சாரம் உடம்பு வழியாகவும் ஓட ஆரம்பிக்கும். வீட்டு ஒயரிங் மட்டும் தெரிந்தவர்கள் பிரேக்கர் பெட்டியோடு வரும் இணைப்பு ஸ்க்ரூவைப் பழக்கத்தில் முடுக்கிவிடுவார்கள். கவனம். எல்லாம் முடித்தபின் கதவுப் பிடிக்கும் பிளக்கின் எர்த் பின்னுக்கும் நடுவே அளந்தேன், ஒரு ஓமுக்கும் குறைவு. மின்வேலை தெரிந்த ஒருவரிடம் காட்டிச் சரிபார்த்த பிறகுதான் அடுத்த வேலை.

ஃப்ரிட்ஜின் எரிவாயுக் குழாயையும் அதே வாரம் உரிய மூடி போட்டு அடைத்து, சோப்பு நீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்தேன். வரவில்லை.

முதல் முயற்சி

ஃப்ரிட்ஜ் இருந்த அலமாரியின் அடிப்பகுதியில் பலகை போட்டு ஏ.சி.யை வைத்தேன். எடை 18 கிலோ. முன்பக்கம் அறையைப் பார்க்கிறது, பின்பக்கம் கீழ்த் திறப்பைப் பார்க்கிறது. பின் காயிலுக்கும் திறப்பின் பிளாஸ்டிக் சட்டகத்துக்கும் நடுவே 8 செ.மீ. இடைவெளி. மேல் திறப்பும் திறந்தே இருந்தது. ஃப்ரிட்ஜுக்கு வேலை செய்த ஏற்பாடுதானே: கீழே காற்று நுழையும், சூடு மேலே ஏறி மேல் திறப்பு வழியாகப் போகும். எனக்கு அது இயல்பான யோசனையாகத் தோன்றியது.

வெளியே 33 டிகிரி இருந்த ஒரு மாலையில் போட்டுப் பார்த்தோம். முதல் பத்து நிமிடம் அருமை. அக்கா கையை நீட்டிக் குளிர்காற்றைப் பிடித்தாள். இருபதாவது நிமிடத்தில் காற்றில் சில்லிப்பு குறைந்தது. நாற்பதாவது நிமிடத்தில் கம்ப்ரசர் ‘டக்’ என்று நின்றது, மின்விசிறி மட்டும் ஓடியது. ஐந்து நிமிடம் கழித்துத் தானே கிளம்பியது, மறுபடி நின்றது. அத்தான் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் கூரையை ஒருமுறை பார்த்தார்.

கிளாம்ப் மீட்டர் கதை சொன்னது. தொடக்கத்தில் 4.4 ஆம்பியர், நிற்கும் முன் 5.9. அலமாரிக்குள் கண்டென்சர் (சூட்டை வெளியே விடும் பின் காயில்) காற்று இழுக்கும் இடத்தில் 52 டிகிரி.

ஜன்னல் ஏ.சி.யின் பின்பாதி எப்படி மூச்சு விடுகிறது என்பதை நான் சரியாகப் பார்க்கவில்லை. அது பக்கவாட்டிலும் மேலேயும் உள்ள துளைகள் வழியாகக் காற்றை இழுத்து, காயில் வழியாகப் பின்னால் ஊதுகிறது. ஜன்னலில் மாட்டியிருந்தால் பின்பாதி முழுவதும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், ஊதிய காற்று போயே போய்விடும். அலமாரிக்குள் வைத்தால்? ஊதிய சூட்டுக்காற்று பிளாஸ்டிக் சட்டகத்தின் தகடுகளில் மோதுகிறது, பாதி திரும்பி வருகிறது, இரண்டு பக்கத் துளைகளும் அதையே மறுபடி இழுக்கின்றன. ஒவ்வொரு சுற்றிலும் காற்று இன்னும் சூடாகிறது. கண்டென்சர் சூட்டை விட முடியாமல் அழுத்தம் ஏறுகிறது, கம்ப்ரசர் அதிக ஆம்பியர் இழுக்கிறது, அதன் தலையிலுள்ள ஓவர்லோட் பாதுகாப்பு மின்சாரத்தைத் துண்டிக்கிறது.

‘ஃப்ரிட்ஜுக்கு வேலை செய்ததே’ என்ற வாதம் எங்கே உடைகிறது என்று அன்றிரவு கணக்குப் போட்டேன். அந்த மாதிரிச் சிறிய எரிவாயு ஃப்ரிட்ஜ் வெளியே விடும் சூடு ஏறக்குறைய 150 வாட் வெப்பமூட்டியின் அளவு. 5,000 பி.டி.யு. ஏ.சி. அறையிலிருந்து எடுப்பது 1,465 வாட், அதோடு தான் தின்னும் மின்சாரம் 450 வாட். இரண்டும் சேர்ந்து 1,900 வாட்டுக்கு மேல் அந்தப் பெட்டிக்குள் இறங்குகிறது. பன்னிரண்டு மடங்கு. சூடு தானாக மேலே ஏறிப் போகும் என்று அதை நம்பிவிடக் கூடாது, கையைப் பிடித்துக் கொண்டுபோய் வெளியே விட வேண்டும். ஏ.சி. வாங்கும்போது எல்லாரும் எவ்வளவு குளிர் வரும் என்று கேட்கிறோம். சின்ன ட்ரெய்லரில் கேட்க வேண்டியது, இந்த 1,900 வாட் எந்த வழியாகப் போகும், திரும்பி வராமல் எது தடுக்கும் என்பதே.

இரண்டாவது சிக்கலும் அன்றே தெரிந்தது. குளிர்ந்த காற்று கனமானது. தரையோடு ஊதினால் தரையோடு தங்குகிறது. கணுக்காலில் 23 டிகிரி, கட்டிலில் படுத்தவர் முகத்தில் 29.

மூன்றாவது, தண்ணீர். இந்த ஏ.சி.கள் காயிலில் சேரும் நீரை அடித்தட்டில் பின்னால் ஓடவிட்டு, விசிறியில் உள்ள வளையத்தால் அள்ளிக் கண்டென்சர் மீது தெளிக்கும். அது சூட்டை எடுக்கவும் உதவும். அதற்காக யூனிட் வெளிப்பக்கம் லேசாகச் சாய்ந்திருக்க வேண்டும். நான் சாய்த்துத்தான் வைத்தேன். ஆனால் வண்டி நின்ற இடம் மறுபக்கம் சாய்ந்திருந்தது. காலையில் பலகையின் முன்விளிம்பில் ஈரம். பழைய பிளைவுட்டில் ஈரம் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது, அன்றே எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டேன்.

இரண்டாம் முயற்சி

யூனிட்டை மேலே ஏற்றினேன். இப்போது அதன் பின்பக்கம் மேல் திறப்பைப் பார்க்கிறது. கீழ்த் திறப்பு முழுவதும் காற்று உள்ளே வருவதற்கு மட்டும். முதலில் இதைத் தலைகீழாக, கீழே ஊதி மேலே இழுப்பதாகத்தான் வரைந்தேன். வரைந்து முடித்தபின் தோன்றியது: கீழே ஊதிய சூட்டுக்காற்று தகட்டை ஒட்டி மேலே ஏறும், நேராக இழுக்கும் வாய்க்குள் போகும். சூடு மேலே, குளிர்ந்த வெளிக்காற்று கீழே. அதுவே காற்றுக்கும் பிடித்த திசை.

பின் காயிலின் நான்கு விளிம்பிலிருந்தும் மேல் திறப்பின் நான்கு விளிம்பு வரைக்கும் அலுமினியத் தகட்டில் ஒரு கூம்பு மடித்தேன். 12 செ.மீ. நீளம்தான். காயில் பக்கம் ரப்பர் நுரைப் பட்டை, திறப்புப் பக்கம் ரிவெட்டும் சீலன்ட்டும். காயிலிலிருந்து வரும் காற்று இந்தக் கூம்பைத் தவிர வேறு எங்கும் போக முடியாது. முழு வேலையின் உயிர் இந்த ஒரு தகடுதான். இதைப் போட்டபின் ஒரு ஊதுபத்தியைப் பக்கத் துளைகள் அருகே காட்டினேன்: புகை உள்ளே இழுபட்டு, மேல் திறப்பு வழியாக வெளியே போனது, அலமாரிக்குள் ஒரு இழைகூடத் திரும்பவில்லை.

பிளாஸ்டிக் சட்டகங்களைக் கழற்றிவிட்டேன். அவற்றின் சாய்வுத் தகடுகள் திறப்பில் பாதியை அடைத்துக்கொள்கின்றன. பதிலுக்குப் பெரிய கண் வலை. ஓடும்போது மழையும் தூசியும் புகாமலிருக்க, வண்டி நிறத்திலேயே கழற்றி மாட்டும் மூடிகள். மூடியைக் கழற்றாமல் ஏ.சி.யைப் போட்டால் முதல் முயற்சியின் கதைதான். அதனால் மூடி மாட்டியிருக்கும்போது ஏ.சி. பிளக்கில் ஒரு சிவப்புத் துணி கட்டுவது என்று வைத்துக்கொண்டோம். அக்கா இதுவரை ஒருமுறைகூட மறக்கவில்லை.

அலமாரியின் உட்பகுதி இப்போது வெளிக்காற்று நிற்கும் அறை. அறைப் பக்கம் ஒரு இடுக்கும் இருக்கக் கூடாது, சூடு கசியும், பக்கத்தில் யாராவது ஜெனரேட்டர் ஓட்டினால் அதன் புகையும் கசியும். உட்சுவர்களில் 25 மி.மீ. நுரைப் பலகை ஒட்டி, மூட்டுகளில் அலுமினிய டேப் போட்டேன். யூனிட்டின் முன்முகத்தைச் சுற்றி நுரைப் பட்டை. இதற்கு ஒரு முழு நாள் போனது.

பாரத்தைச் சுவரில் தொங்கவிடவில்லை. முக்கால் அங்குலச் சட்டத்தில் ஸ்க்ரூ போட்டு 18 கிலோவைத் தொங்கவிட்டால் சில நூறு மைலில் பிடுங்கிக்கொள்ளும். 19 மி.மீ. பிளைவுட் தட்டு, அதற்கு நான்கு கால்கள், கால்கள் தரை வழியாக அடிச்சட்டத்து இரும்பில் போல்ட். தட்டுக்கும் யூனிட்டுக்கும் நடுவே ரப்பர் மெத்தை, மேலே அகலமான பட்டை. பட்டையை ரொம்ப இறுக்கினால் கம்ப்ரசரின் அதிர்வு வண்டி முழுக்க முழங்கும், தளர்த்தினால் சாலையில் குதிக்கும். இரண்டு மூன்று தடவை ஓட்டிப் பார்த்துத்தான் சரியான இறுக்கம் கிடைத்தது. உள்ளே ஒன்றோடொன்று உரசக்கூடிய செம்புக் குழாய்களுக்கு நடுவே ரப்பர் துண்டுகள் செருகினேன், ஆனால் குழாயை வளைக்கவில்லை. இப்போது வரும் பல சிறிய யூனிட்களில் ஆர்-32 வாயு இருக்கிறது, அது லேசாகத் தீப்பற்றக்கூடியது. வீட்டு ஜன்னலுக்குச் செய்த இயந்திரத்தைச் சாலையில் ஏற்றுகிறோம் என்பதை மறக்காமல் இருந்தால் போதும்.

தண்ணீருக்கு, யூனிட்டின் கீழே முழு அகலத்துக்கு ஒரு அலுமினியத் தட்டு. முன்னால் ஒரு வடிகுழாய், பின்னால் ஒன்று, இரண்டும் தரை வழியாக வெளியே. வண்டி எந்தப் பக்கம் சாய்ந்து நின்றாலும் நீருக்கு வழி இருக்கிறது.

யூனிட் வாங்கும்போது ரிமோட் வைத்ததைத் தவிர்த்து, கையால் திருகும் குமிழ் வைத்ததைத்தான் எடுத்தேன். முகாமில் மின்சாரம் போய்ப் போய் வரும். குமிழ் வகை தானாக மறுபடி ஓடும். ஆனால் உடனே ஓடக் கூடாது, அழுத்தம் சமமாவதற்கு மூன்று நிமிடமாவது வேண்டும். அதற்குச் சின்னத் தாமத ரிலே ஒன்றைப் போட்டேன்.

வெயிலைத் தடுத்தது

கணக்கில் ஜன்னலும் கூரையும் தின்பதைப் பார்த்த பிறகு அவற்றை அப்படியே விட மனமில்லை. கூரைக்கு மூட்டு சீலன்ட் புதுப்பித்து, ரப்பர் போல இழுபடும் வெள்ளை எலாஸ்டோமெரிக் பூச்சு இரண்டு கை. ஜன்னல்களுக்கு அளவாக வெட்டிய பளபளப்புக் குமிழ்த் தாள், மதியம் மட்டும் செருகுவதற்கு. கூரைத் திறப்புக்கு ஒரு நுரை மெத்தை. இவற்றுக்கு ஆன நேரம் ஒரு சனிக்கிழமை. பலன் என்னவென்றால், ஏ.சி. போடாமலே மதிய உச்சம் 43-லிருந்து 38-க்கு இறங்கியது. ஏ.சி. வைக்காதவர்களும் இதைச் செய்யலாம்.

அளந்ததும் தெரிந்ததும்

அதே 33 டிகிரி மாலை ஒன்றில் மறுபடி போட்டோம். இரண்டு மணி நேரம் நிற்காமல் ஓடியது. கண்டென்சர் இழுக்கும் காற்று 35 டிகிரி. ஆம்பியர் 4.3-க்கும் 4.6-க்கும் நடுவே. உள்ளே போகும் காற்றுக்கும் வெளியே வரும் காற்றுக்கும் 10 டிகிரி வித்தியாசம். பாதி நிழல், வெளியே 35 என்றால் ஒன்றேகால் மணி நேரத்தில் உள்ளே 26 வருகிறது. முழு வெயில், 37 டிகிரி என்றால் 29-க்குக் கீழே இறங்காது. கணக்கு சொன்னதும் அதுதான். பொழுது சாய்ந்தபின் அரைமணி ஓடி நிற்கிறது. இரவு பதினொன்றுக்குப் போர்வை கேட்கிறார் அத்தான். மேலிருந்து விழும் குளிர் கட்டில் வரை போவதற்கு ஒரு 12 வோல்ட் சின்ன விசிறி போதுமாக இருக்கிறது.

பழக்கத்தில் தெரிந்துகொண்டது: வண்டி முழுதாகச் சூடேறிய பிறகு ஏ.சி.யைப் போட்டால் மரமும் மெத்தையும் பிடித்துவைத்த சூட்டோடு அது ஒரு மணி நேரம் மல்லுக்கட்டும். வந்து நின்றதும் எல்லாவற்றையும் திறந்து பத்து நிமிடம் காற்றாட விட்டு, பிறகு மூடிப் போடுவது நல்லது. தங்கியிருக்கும் நாளில் காலை பத்து மணிக்கே போட்டுவிடலாம்.

வெளிக் கேபிளில் சிக்கனம் பிடிக்காதீர்கள். ஓடும்போது 4.5 ஆம்பியர்தான், ஆனால் கிளம்பும் நொடியில் 25 வரை இழுக்கும். 50 அடி நீளமுள்ள 16 கேஜ் மெல்லிய நீட்டிப்பு ஒயரில் அந்த நொடி 10 வோல்ட் விழும், 12 கேஜில் 4. கோடை மாலையில் முகாம் முழுக்க ஏ.சி. ஓடும்போது கம்பத்திலேயே மின்னழுத்தம் தணிந்திருக்கும், அந்த நேரத்தில் இந்த 6 வோல்ட் வித்தியாசம் கம்ப்ரசர் கிளம்புவதற்கும் திணறுவதற்கும் உள்ள வித்தியாசம். பிளக் பாயின்டில் ஒரு சின்ன வோல்ட் மீட்டர் செருகியிருக்கிறோம். 105-க்குக் கீழே போனால் நிறுத்திவிடுவார் அத்தான்.

பேட்டரியில் ஓட்டலாமா என்று கேட்டார். இரவு எட்டு மணி நேரம், பாதி நேரம் கம்ப்ரசர் ஓடினாலும் 1.8 யூனிட் மின்சாரம் வேண்டும். 100 ஆம்பியர் மணி கொண்ட 12 வோல்ட் லித்தியம் பேட்டரி ஒன்றில் இருப்பது 1.28. இரண்டு பேட்டரியும் இன்வெர்ட்டரும் வேண்டும், அந்த எடைக்குக் கொக்கியில் இடமில்லை. 2,000 வாட் இன்வெர்ட்டர் ஜெனரேட்டர் இதைச் சுலபமாக ஓட்டும், ஆனால் மரத்தடி அமைதிக்காகப் போகிற இடத்தில் அதை ஓட்ட அவர்களுக்கு மனசு வரவில்லை.

இன்னும் சரியாகாத விஷயம் சத்தம். கம்ப்ரசர் கிளம்பும்போது பிளைவுட் சுவர் லேசாக அதிர்கிறது. கட்டிலுக்கும் அதற்கும் நாலடி தூரம்தான். அக்கா பழகிவிட்டாள். மறுபடி செய்தால் தட்டின் கால்களுக்கு அடியிலும் ரப்பர் வைப்பேன். அப்புறம், கூம்பை ரிவெட் அடிக்காமல் போல்ட் போட்டிருக்க வேண்டும். யூனிட்டை வெளியே எடுக்க ஒவ்வொரு முறையும் ஆறு ரிவெட்டைத் துளைத்து எடுக்க வேண்டியிருக்கிறது.

ஒரு கோடை முடிந்து சுமார் 3,000 மைல் ஓடியபின் அப்படித்தான் எடுத்துப் பார்த்தேன். கீழ்த் திறப்பு தரைக்குப் பக்கம் என்பதால் காயிலின் இடுக்குகளில் புல்தூசும் பஞ்சும் படை படையாக ஒட்டியிருந்தன. மென்மையான பிரஷ்ஷால் தட்டி, தண்ணீர் விட்டுக் கழுவி, கீழ்த் திறப்பில் கழுவி மாட்டக்கூடிய வலை வடிகட்டி ஒன்று வைத்தேன். வடிகுழாய்கள் சுத்தம், பலகை உலர்ந்தே இருந்தது. ஒரு செம்புக் குழாயில் மட்டும், ரப்பர் துண்டு நழுவிய இடத்தில், உரசிப் பளபளத்த ஒரு தடம். இன்னும் ஆழமாகவில்லை. புதிய ரப்பரைக் கட்டு பட்டை போட்டு நிறுத்தி, அந்த இடத்தை மார்க்கரால் வட்டமிட்டு வைத்திருக்கிறேன், அடுத்த வசந்தத்தில் வண்டி கிளம்பும் முன் முதலில் பார்ப்பதற்கு.